நாற்பத்து மூன்று பேருக்கு ஒரு மச்சம்

“மேடம், உங்க வலது முழங்கையைக் கொஞ்சம் காட்டுதீங்களா?”

தலைமையாசிரியர் கோபாலசாமி இப்படிக் கேட்டுக்கொண்டே அலுவலக அறைக்குள் நுழைந்தார். இலவசச் சீருடைப் பட்டியலுக்குள் தலையைக் கொடுத்திருந்த வெயிலுகந்தம்மாள் நிமிர்ந்து பார்த்தார். தங்கமான மனுசர். மேலச்செவல்புதூர் அரசு உயர்நிலைப்பள்ளிக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் இந்தக் கரிசல் வெயில் அவர் தலைக்கு ஏறியிருக்க வேண்டாம்.

“எதுக்கு சார்?”

“அங்கன ஒரு மச்சம் இருக்கான்னு பாக்கணும்.”

“எனக்கு மச்சம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?”

“இந்த ஸ்கூல் வாசப்படிய மிதிச்ச எல்லாருக்கும் இருக்கு போலயே. எனக்கும் முளைச்சிருக்கான்னு காலைலேருந்து சட்டைக் கைய மடக்கி மடக்கிப் பாக்கேன்.”

சொல்லிவிட்டு, கையிலிருந்த கடிதத்தை மேசைமேல் வைத்தார். தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தது. காவலர் தேர்வுக்குச் சான்றிதழ் சரிபார்க்கிறவர்கள் எழுதியது.

தங்கள் பள்ளியில் பயின்ற மூன்று பெண்கள் இத்தேர்வுக்கு வந்தனர். மூவருடைய மாற்றுச் சான்றிதழிலும் அங்க அடையாளம் ஒன்றே: வலது முழங்கையில் ஒரு மச்சம், இடது முழங்காலில் ஒரு தழும்பு. நேரில் பார்த்ததில் மூவருக்கும் மச்சமும் இல்லை, தழும்பும் இல்லை. இருவர் ஓட்டத்திலேயே தோற்று வெளியேறிவிட்டனர். க. சுடலைச்செல்வி என்பவர் மட்டும் எல்லாவற்றிலும் தேறியிருக்கிறார். வந்திருப்பவர் அவர்தானா என்று உறுதிசெய்ய, பொறுப்பான ஒருவர் அசல் சேர்க்கைப் பதிவேட்டுடன் வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு நேரில் வர வேண்டும். தவறினால் அவருடைய தேர்வு நிறுத்தி வைக்கப்படும்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

வெயிலுகந்தம்மாள் அந்தக் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கவில்லை. எழுந்து பீரோவைத் திறந்து, பத்து வருசத்துக்கு முந்தைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் போட்டார். தூசி தட்ட வேண்டியிருக்கவில்லை. அவர் பீரோவில் தூசி குடியேற அவர் அனுமதித்ததில்லை. இருபத்தொன்பது வருசமாக இளநிலை உதவியாளர். ‘அடித்தல் திருத்தல் இல்லாத ரிஜிஸ்டரைப் பார்க்கணுமா, மேலச்செவல்புதூருக்குப் போங்க’ என்று தணிக்கைக்கு வந்தவர்களே கோவில்பட்டியில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயரே மறந்துபோய் கிளார்க்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பக்கத்தைப் பிரித்தார். ஆறாம் வகுப்பில் அந்த வருசம் சேர்ந்த நாற்பத்து மூன்று பேர். எழுத்து முத்து முத்தாக இருந்தது. முதல் வரிசையில் இசக்கிபாண்டி: வலது முழங்கையில் ஒரு மச்சம், இடது முழங்காலில் ஒரு தழும்பு. அதற்குக் கீழே, மேற்படி. அதற்கும் கீழே, மேற்படி.

கோபாலசாமி மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு விரல் வைத்துப் படித்தார். “மேற்படி… மேற்படி… மேற்படி… அப்பா தேவுடா! தகப்பன் பேருக்கும் மேற்படி போடாம விட்டீங்களே, அந்தமட்டுக்குச் சந்தோசம்.”

“அன்னைக்கு நீங்க இங்கன இருந்திருக்கணும் சார்.”

“இல்லாததே நல்லதாப் போச்சு. சொல்லுங்க.”

“ஜூன் மாசம். ஒரே நாள்ல நாப்பத்து மூணு புள்ளைக. அப்பம் இருந்த ஹெட்மாஸ்டர் மீட்டிங்குக்குப் போயிட்டாவ. புத்தக லாரி வந்து வெளிய நிக்கி. நாலு மணிக்குள்ள கோவில்பட்டிக்குக் கணக்கு அனுப்பணும். மொதல்ல வந்தவன் இசக்கிபாண்டி. ‘அடையாளம் என்னலே’ன்னதும் கப்பு ஜெயிச்சவன் மாதிரி முழங்கையத் தூக்கிக் காட்டினான். நல்லா உளுந்து கணக்கா மச்சம். எழுதினேன். ரெண்டாவது ஒரு அம்மா. ‘தாயி, இவன் மேல இருக்கது புழுதியா மச்சமான்னு குளிப்பாட்டுனாத்தான் தெரியும், போய்க் குளிப்பாட்டிக் கூட்டியாரட்டுமா’ன்னா. மூணாவது ஆளு, ‘மச்சம் இருந்தா நல்லதா, இல்லாட்டி நல்லதா? சொல்லுங்க, அதுக்குத் தக்கன சொல்லுதேன்’னாரு. பொம்பளப் புள்ளைகள நாலு ஆம்பளைக முன்னால கைய மடக்கு கால மடக்குன்னு சொல்லவும் ஒரு மாதிரியா இருந்துச்சு. மணி மூணே முக்கால் ஆயிட்டு.”

“அதனால இசக்கிபாண்டி மச்சத்த ஊருக்கே பங்கு வச்சிட்டீங்க.”

“பேனா தானா எழுதிட்டு சார்.”

“சரி. பிறகு கம்ப்யூட்டர் வந்துச்சே, அதுல ஏத்தும்போதாவது…”

“அது மேற்படின்னு அடிச்சா ஏத்துக்கிட மாட்டேன்னுட்டு. அதனால நாப்பத்து மூணு தடவையும் முழுசா அடிச்சேன். ரெண்டு நாளு ஆச்சு. விரல் வீங்கிட்டு.”

“ஒரு பொய்ய இவ்வளவு பாடுபட்டு வளத்தது தமிழ்நாட்டுலயே நீங்க ஒருத்தர்தான் மேடம்.”

வெயிலுகந்தம்மாளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் தண்ணீர் குடித்தார்.

கோபாலசாமி அறைக்குள் நடந்தார். விதி தெரிந்தவர், ஆனால் விதியைக் கண்டு பயப்படுகிறவர். “காலப்போக்கில் மச்சம் மறைந்துவிட்டதுன்னு எழுதிருவமா?”

“மூணு பேருக்கும் சேந்தாப்புலயா சார்?”

“அப்பம் தடுப்பூசித் தழும்புன்னு மாத்திருவோம். அது எல்லாருக்கும் புஜத்துல கட்டாயம் இருக்கும்.”

“எல்லாருக்கும் இருக்கது எப்படி சார் அடையாளம்? அதுவும் மேற்படிதான்.”

சொல்லி முடித்த பிறகுதான் வெயிலுகந்தம்மாளுக்குத் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் தொரட்டிக் கம்பைச் சாத்தும் சத்தம் கேட்டது. ஆட்டுக்காரக் கண்ணுசாமி வந்திருந்தார். பின்னால் அவர் மகள் சுடலைச்செல்வி. ஒட்டகம் மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்த பெண். முடியைக் காது மறைய இழுத்துப் பின்னியிருந்தாள். அவளுக்கும் போனில் தகவல் வந்துவிட்டதாம்; அறைக்குள் பேசியதையும் வரும்போதே இருவரும் கேட்டிருந்தார்கள்.

“வாங்க அண்ணாச்சி,” என்றார் வெயிலுகந்தம்மாள்.

“வாரது இருக்கட்டும் கிளார்க்கம்மா. எங்கிட்ட நூத்திப் பத்தொம்பது உருப்படி கெடக்கு. ஒண்ணு கொம்பு முறிஞ்சது, ஒண்ணு நெத்தியில வெள்ளை விழுந்தது, ஒண்ணு நடக்கையில பின்னங்கால இழுக்கும். கண்ணக் கட்டி விட்டாலும் கனைப்ப வச்சுச் சொல்லுவேன் எது எதுன்னு. வேத்துக் குட்டி ஒண்ணு மடுவுல வாய வச்சா தாயாடு முட்டித் தள்ளிரும். நீங்க படிச்சவிய. நாப்பத்து மூணு புள்ளைகளுக்கு ஒரே மச்சத்தப் போட்டுருக்கீயளே, இந்த வேலைய ஆடு மேய்க்கவன் செய்வானா?”

கோபாலசாமி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். வெயிலுகந்தம்மாளுக்குச் சுருக்கென்றது. மேலிடத்துக் கடிதம் குத்தாத இடத்தில் இது குத்தியது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

“அன்னைக்கு நீங்களும்தான அண்ணாச்சி வரிசையில நின்னீய? ஒங்க புள்ளைக்கு என்ன அடையாளம்னு நான் கேக்கத்தான செஞ்சேன்? ‘என்னத்தயாவது எழுதுங்க தாயி, ஆடு அவுக்கணும்’னு சொன்னது யாரு?”

கண்ணுசாமி சன்னல் பக்கம் திரும்பி, வெளியே எதையோ பார்க்கிறவர் போல நின்றார்.

“அய்யா, சண்டை போட இதுவா நேரம்?” என்றாள் சுடலைச்செல்வி. “மேடம், அஞ்சு மாசமா விடியமுன்ன எந்திரிச்சு பருத்திக்காட்டு வண்டிப்பாதையில ஓடுனேன். நானூறு மீட்டர்ல எங்க செட்டுல நான்தான் மொத. இந்த வேலை வரலன்னா புதியம்புத்தூர்ல தையல் கம்பெனில சேந்துரணும்னு அய்யா சொல்லிட்டாவ. காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே இடத்துல உக்காந்து பாவாடைக்கு ஓரம் அடிக்க என்னால ஏலாது மேடம்.”

“அதுக்குத்தான் ஒரு வழி சொல்லுதேன்,” என்றார் கண்ணுசாமி. “முழங்கையில ஒரு புள்ளி பச்சை குத்திருவோம். முழங்கால்ல நானே ஒரு கீறல்…”

“திருடனப் பிடிக்கப் போற வேலைக்குத் திருட்டு மச்சத்தோட போகவா? பேசாம இருங்கய்யா.”

வெயிலுகந்தம்மாள் அந்தப் பெண்ணைப் பார்த்தார். பத்து வருசத்துக்கு முன்னால் தன் மேசை உயரம்கூட இல்லாமல் நின்றிருப்பாள். நின்றாள் என்று பதிவேடு சொல்கிறது, முகம் ஞாபகமில்லை. மேற்படியாகத்தானே நின்றிருக்கிறாள்.

“சார்,” என்றார். “உள்ளத உள்ளபடி எழுதிருவோம். நான்தான் பாக்காம எழுதுனேன்னு கடுதாசி குடுத்துருதேன். ரிஜிஸ்டர்லயும் சிவப்பு மையில திருத்திருவோம்.”

“இந்தப் பொண்ணு வரிசைய மட்டுமா?”

“இவ ஒருத்திக்கு மட்டும் திருத்துனா வேண்டப்பட்டவளுக்குச் செஞ்சதா ஆயிரும். நாப்பத்து மூணையும் திருத்தணும். ஒவ்வொருத்தரையும் நேர்ல பாத்து.”

கோபாலசாமி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். “ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்துல நான் சான்றுக் கையெழுத்துப் போடணுமே மேடம். நாப்பத்து மூணு!”

“ஆமா சார். மேற்படின்னு போட முடியாது.”

*

அந்த வருசத்துப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருந்தது. பெயர் ‘மேலச்செவல் சிங்கங்கள்’. அதில் சுடலைச்செல்வி விசயத்தைப் போட்ட பத்தாவது நிமிசம், புதியம்புத்தூரில் துணி வெட்டும் மாஸ்டராக இருக்கும் இசக்கிபாண்டி பதில் போட்டான்: “பத்து வருசமா எம் மச்சத்த ஓசியில வச்சிருக்கவிய எல்லாரும் வந்து ஒப்படைச்சிட்டுப் போங்க.”

அப்புறம் பார்க்க வேண்டுமே. வெயிலுகந்தம்மாளின் போனில் முழங்காலும் முழங்கையும் படம் படமாக வந்து கொட்டின. ஒருத்தன் முதுகை அனுப்பியிருந்தான். ஒருத்தி குழந்தையின் மச்சத்தை அனுப்பி, ‘இதைச் சேர்த்துக்கொள்ளலாமா, இன்னும் பத்து வருசத்தில் அங்கேதான் சேர்க்கப்போகிறோம்’ என்று கேட்டிருந்தாள். படம் செல்லாது, நேரில்தான் வர வேண்டும் என்று வெயிலுகந்தம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை காலையிலேயே வந்துவிட்டார்கள். பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு மேசை, மேசையில் பதிவேடு. பெண்களுக்கு உள்ளே நூலக அறையில் இடம். முதல் ஆளாக இசக்கிபாண்டி நின்றான்.

“உனக்குத்தான் சரியா இருக்கேலே, நீ எதுக்கு வந்த?”

“ஒரு தடவை சரி பாத்துக்கிடுங்க மேடம். நாப்பத்து ரெண்டு பேருக்குக் குடுத்ததுல தேஞ்சு போயிருந்துச்சுன்னா?”

இன்னொரு ஆளும் கூப்பிடாமல் வந்து மேசைக்குப் பக்கத்தில் குத்தவைத்துக்கொண்டார். கண்ணுசாமிதான். முதலில் வேடிக்கை பார்க்க வந்தவர், அரை மணி நேரத்தில் உத்தியோகஸ்தராகவே ஆகிவிட்டார்.

“இது நாய்க் கடி,” என்றான் ஒருத்தன், காலைக் காட்டி.

“நாய்க் கடி இப்படி இருக்காதுலே. இது வேலிமுள்ளு கிழிச்சது. எவன் தோட்டத்துக்கு வெள்ளரிக்கா திருடப் போன?”

அவன் சிரித்தான். “எழுதிராதீங்க மேடம். முள் கிழித்த தழும்புன்னு மட்டும் போடுங்க.”

ஒருத்தியின் விரலில் தீப்பெட்டி ஒட்டப் போன இடத்தில் பட்ட தீக்காயம். ஒருத்தனுக்குப் புருவத்தில் கபடித் தையல். மாரிச்சாமி என்பவனுக்கு உள்ளங்காலில் ஒரு மச்சம். அது இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை, கண்ணுசாமிதான் கண்டுபிடித்தார். “கால்ல மச்சம் இருந்தா ஊர் ஊராச் சுத்தணும்பாவ. நீ என்னலே பண்ணுத?” “பஸ் கண்டக்டர்.” கூடியிருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள்.

வெயிலுகந்தம்மாள் எழுதிக்கொண்டே போனார். பழைய எழுத்தின்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு; அதற்குமேல் புது எழுத்து; பக்கத்தில் கோபாலசாமியின் கையெழுத்து. முதல் கோட்டைப் போடும்போது கை கூசியது. ஐந்தாவது கோட்டுக்குப் பிறகு கூச்சம் போய்விட்டது. பத்தாவதுக்குமேல், அடுத்த ஆளிடம் என்ன இருக்கும் என்று ஆசையாகவே இருந்தது. இருபத்தொன்பது வருசத்தில் அந்தக் கட்டத்தை நிரப்ப அவர் இத்தனை நேரம் செலவழித்ததில்லை. அந்தப் பக்கம் இப்போது காயம்பட்ட முழங்கால் மாதிரி சிவந்து கிடந்தது.

வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் இருபத்தைந்து பேர் முடிந்தார்கள். முடியாமல் கிடந்தது முக்கியமான ஒன்றுதான்.

“என்னட்டி இது,” என்றார் வெயிலுகந்தம்மாள். சுடலைச்செல்வியை நூலக அறையில் நிற்க வைத்து, கை, கால், கழுத்து என்று மூன்றாவது தடவையாகப் பார்த்துவிட்டார். “ஆட்டுக்காரன் வீட்டுல பெறந்து, முள்ளுக்காட்டுல வளந்து, ஒரு கீறல்கூட இல்லாம எப்படிட்டி வளந்த?”

“குதிங்கால்ல ஒண்ணு இருக்கு மேடம். பருத்திக்கட்டை குத்துனது.”

“அப்பாடா. எப்பம் குத்துச்சு?”

“இந்தச் சித்திரையில. ஓடிப் பழகும்போது.”

“சரி, ஒண்ணாச்சு. ரெண்டு வேணும்லா?”

வராந்தாவிலிருந்த கண்ணுசாமி திடீரென்று எழுந்தார். “நேரமாயிட்டு கிளார்க்கம்மா. ஆடு கத்தும். நான் வாரேன்.”

இரண்டு நாளாக ஆட்டை மறந்திருந்த மனுசனுக்கு இப்போது என்ன அவசரம் என்று வெயிலுகந்தம்மாள் யோசிப்பதற்குள், பள்ளிக்கூட வாசலில் அவர் சம்சாரம் முத்துத்தாய் வந்து நின்றாள். இடுப்பில் கை.

“ரெண்டு நாளா ஆட்ட எந்தலையில கட்டிட்டு, ஊரான் வீட்டுப் புள்ளைக காலுல மச்சம் எண்ணிக்கிட்டு இருக்கீயளோ?”

“சும்மா இரு. ஒம் மகளுக்குத்தான் அடையாளம் கெடைக்கல.”

“கெடைக்கலயா? ஏன், காது என்னாச்சு?”

கண்ணுசாமி தலையில் கை வைத்தார்.

“எந்தக் காது?” என்றார் வெயிலுகந்தம்மாள்.

“இவிய சொல்லலியா?” முத்துத்தாய் மகளை வெளியே இழுத்து, இடது பக்கத்து முடியை ஒதுக்கினாள். காது மடலின் கீழ் ஓரத்தில், தோட்டுக்குப் பின்னால், முக்கோணமாக ஒரு சின்ன வெட்டு. ஆறி, வழவழவென்று உருண்டிருந்தது. கண்ணுசாமி பட்டி ஆடு ஒவ்வொன்றுக்கும் இடது காதில் இருக்கிற அதே வெட்டு. பக்கத்து ஊர் மந்தையோடு கலந்தால் பிரித்து எடுப்பதற்காக, குட்டியிலேயே வெட்டி விடுவார்கள்.

“அண்ணாச்சி!” என்றார் வெயிலுகந்தம்மாள்.

“அது… ஒரு தடவை…” என்று இழுத்தார் கண்ணுசாமி.

“நான் சொல்லுதேன்,” என்றாள் முத்துத்தாய். “இவளுக்கு மூணு வயசு. குட்டிகளுக்குக் காது வெட்டுத அன்னைக்கு, கறுப்புக் கம்பளிய மூடிக்கிட்டு இவளும் குட்டிகளோட குட்டியா வரிசையில போயி உக்காந்துட்டா. எல்லாத்துக்கும் வெட்டுதாக, நமக்கும் வெட்டணும்னு ஆசை. இவிய ஆட்டு வியாபாரிகூட வாயடிச்சுக்கிட்டே, கண்ணு ஒரு பக்கம் கை ஒரு பக்கமா, புடிச்சு வெட்டிட்டே வாராவ. எல்லாக் குட்டியும் ‘மே’ன்னு கத்துச்சு. ஒரு குட்டி மட்டும் ‘அய்யா’ன்னு கத்துச்சு.”

கோபாலசாமி சிரித்த சிரிப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பேனா கீழே விழுந்தது. இசக்கிபாண்டி தூணைப் பிடித்துக்கொண்டான். “ஏன் அண்ணாச்சி, ஆட்டுக் காதுல மசுரு இருக்குமே, இது வழுவழுன்னு இருந்தது கைக்குத் தெரியலயா?”

“வியாபாரி வெலையக் கொறைச்சுக் கேட்டான்லே. அந்தக் கோவத்துல…”

“கண்ணக் கட்டி விட்டாலும் கண்டுபிடிப்பேன்னீயளே!” என்றார் வெயிலுகந்தம்மாள்.

“ஆட்டத்தான தாயி சொன்னேன்.”

“இத அன்னைக்கே சொல்லிருந்தா ஒரு வரிசையாவது ஒழுங்கா எழுதியிருப்பேனே. ஏன் மறைச்சீய?”

கண்ணுசாமி குரலைத் தாழ்த்தினார். “பொம்பளப் புள்ள காதுல ஆட்டு வெட்டு இருக்குன்னு சர்க்கார் நோட்டுல ஏறிட்டா, நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்? ‘எந்தப் பட்டி ஆடு’ன்னு கேலி பேச மாட்டானா? அதனாலதான் யாருட்டயும் சொல்லக் கூடாதுன்னு இவகிட்ட சத்தியம் வாங்கி, முடிய மூடிப் பின்னு, மூடிப் பின்னுன்னு சொல்லி வளத்தோம்.”

ஆக, ஒருத்தர் பார்க்காமல் எழுதினார். ஒருத்தர் பார்த்ததைச் சொல்லாமல் விட்டார். இரண்டும் சேர்ந்து அந்தப் பெண்ணின் வேலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. வெயிலுகந்தம்மாள் சிவப்புப் பேனாவை எடுத்து, இருபத்தாறாவது ஆளாகச் சுடலைச்செல்வியின் வரிசையைத் திருத்தினார். எழுதி முடித்துவிட்டுக் கண்ணுசாமியைப் பார்த்தார்.

“நாளைக்குக் காலையில மொத பஸ். நீங்களும் தூத்துக்குடிக்கு வாரீய.”

“நானா? போலீஸ்காரவிய முன்னால போயி, எம் புள்ள காத நான்தான் வெட்டுனேன்னு சொல்லவா? உள்ள தூக்கிப் போட்டுட்டாவன்னா?”

“பயப்படாதீங்கய்யா,” என்றாள் சுடலைச்செல்வி. “வேலைல சேந்த அன்னைக்கே வெளிய எடுத்துருவேன்.”

*

சரிபார்க்கும் இன்ஸ்பெக்டர் ஒரு பெண். சிரிக்காத முகம். பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தவர், சிவப்புக் கோடுகளை எண்ணுகிறவர் மாதிரி விரலை மெதுவாக இறக்கிக்கொண்டே போனார்.

“இது எல்லாமே இந்த வாரம் திருத்தினதா?”

“ஆமாம்மா,” என்றார் வெயிலுகந்தம்மாள். “பத்து வருசத்துக்கு முந்தி நான் யாரையும் பாக்காம எழுதிட்டேன். இப்பம் பாத்து எழுதிருக்கேன். இந்தா, விளக்கக் கடுதாசி.”

“அப்ப எழுதினது பொய்னா, இப்ப எழுதினது நிஜம்னு நான் எப்படி நம்பறது?”

“நீங்களே பாத்துக்கிடுங்கம்மா. இப்பம் எழுதுனது உடம்புல இருக்கு.”

“இரண்டாவது அடையாளம், குதிங்கால் தழும்பு. பள்ளியில சேரும்போது இருந்துச்சா?”

“இல்ல. இந்தச் சித்திரையில வந்தது. தேதியும் போட்டிருக்கேன்.”

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். எழுதியதை மறுபடி படித்தார். அப்புறம் சுடலைச்செல்வியின் முடியை விலக்கிக் காதைப் பார்த்தார். “இது என்ன வெட்டு? இதையும் இந்த வாரமே உண்டாக்கியிருக்கலாமே?”

அதுவரை கதவுக்குப் பின்னால் பாதி உடம்பை ஒளித்துக்கொண்டு நின்ற கண்ணுசாமிக்கு இதைக் கேட்டுப் பொறுக்கவில்லை. இதென்ன, தொழிலையே சந்தேகப்படுகிறார்களே!

“இந்த வாரத்து வெட்டா? நல்லாப் பாருங்க தாயி. புது வெட்டுன்னா ஓரம் கத்தி மாதிரி நிக்கும். இது உருண்டு போயிருக்கு பாருங்க. சின்னதுல வெட்டுனா காது வளர வளர வெட்டும் கூடவே வளந்து வாய் அகலும். நான் வெட்டும்போது எள்ளு அகலம்தான். இப்பம் பாசிப்பயறு அகலம். என் கைவேலை எனக்குத் தெரியாதா?” மடியிலிருந்து போனை எடுத்து, ஒரு படத்தை நீட்டினார். “இந்தா, இது எங்க கெடா. அதே வெட்டு. அதே காது. ரெண்டையும் சேத்து வச்சுப் பாருங்க.”

“உங்க கைவேலையா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

கண்ணுசாமிக்கு அப்போதுதான் தான் நிற்கிற இடம் ஞாபகம் வந்தது. பிறகு, முழுவதையும் சொல்வதைத் தவிர வேறு வழியில்லாமல், கம்பளியில் தொடங்கி, வியாபாரியைத் தாண்டி, ‘அய்யா’ வரைக்கும் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் ஆட்டுப் படத்தையும் பெண்ணின் காதையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்காத முகத்தில் உதட்டோரம் மட்டும் துடித்தது. சட்டென்று திரும்பி, மருத்துவரை வரச் சொன்னார். மருத்துவர் வந்து பார்த்து, பல வருசத்துக்கு முந்தைய வெட்டுதான் என்று எழுதிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்துக் குழுப் படத்தில் இருந்த முகம், கையெழுத்து, பெருவிரல் ரேகை எல்லாம் ஏற்கெனவே ஒத்துப் போயிருந்தன. குறையாக நின்றது இந்த ஒரு கட்டம்தான்.

“போம்மா,” என்றார் சுடலைச்செல்வியிடம். “உத்தரவு வீட்டுக்கு வரும். இனிமே முடியை இழுத்து மூடாதே. அடையாளம்னா தெரியணும்.”

அவள் சல்யூட் வைத்தாள். இன்னும் பழகாத சல்யூட். கும்பிடு பாதி கலந்திருந்தது.

வெயிலுகந்தம்மாள் பதிவேட்டை எடுக்கப் போனபோது இன்ஸ்பெக்டர் தடுத்தார். “நீங்க இருங்க. அப்ப இருந்த கிளார்க் எழுதினது, எனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே?”

“அப்பம் இருந்த கிளார்க்கும் நான்தான்மா. கையெழுத்தே காட்டிக் குடுத்துரும்.”

“உங்க துறைக்கு நான் எழுதித்தான் ஆகணும். மெமோ வரும்.”

“வரட்டும்மா. இவ உத்தரவு மொதல்ல வரட்டும். மெமோ பின்னாலயே மெதுவா வரட்டும்.”

*

அப்படியேதான் வந்தது. உத்தரவு வந்த அன்று கண்ணுசாமி ஒரு கிடாயைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். அரசாங்க வளாகத்துக்குள் ஆடு வாங்கக் கூடாது என்று சொல்லித் திருப்பி அனுப்புவதற்குள் கோபாலசாமிக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. அடுத்த வாரம், ‘தங்கள் பள்ளி இளநிலை உதவியாளரிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வழங்குக’ என்று மேலிடத்திலிருந்து அவருக்குத் தாள் வந்தது.

கோபாலசாமி அதை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் தவித்தார். மறுநாள் மெதுவாக வந்து மேசைக்கு முன்னால் நின்றார்.

“மேடம், ஒரு உதவி. இந்த மெமோவ எப்படி எழுதணும்னு எனக்குத் தெரியல. இதுவரை யாருக்கும் குடுத்ததில்ல. இந்த ஸ்கூல்ல எல்லாக் கடுதாசியும் நீங்கதான…”

“நேத்தே அடிச்சு வச்சுட்டேன் சார். இந்தாங்க.”

வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க முகம் வாடியது. “‘பொறுப்பற்ற முறையிலும், கடமையில் சிறிதும் கவனமின்றியும்’… என்ன மேடம் இவ்வளவு கடுமையா? ரெண்டும் ஒண்ணுதான? ஒண்ண எடுத்துருங்களேன். படிக்க எனக்கே சங்கடமா இருக்கு.”

“ரெண்டும் இருந்தாத்தான் சார் மெமோவுக்கு ஒரு கனம். ஒண்ண எடுத்தா, வேண்டியவளுக்கு எளக்கம் காட்டுதாருன்னு ஒங்களக் கேப்பாவ. கையெழுத்துப் போடுங்க.”

அவர் போட்டார். வெயிலுகந்தம்மாள் அதை வாங்கி, வெளியே போகும் கடிதங்களின் பதிவேட்டில் எண் போட்டு, முத்திரை குத்தி, ஒரு பிரதியைத் தனக்கே கொடுத்துக்கொண்டு, மற்றொன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதித் தேதியோடு கையெழுத்திட்டார். பிறகு தன் பிரதியை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்து, முதன்முறை படிக்கிறவர் போல நிதானமாகப் படித்தார்.

“சார், விளக்கம் சொல்லப் பதினஞ்சு நாள் குடுத்திருக்கீங்க. பத்தாது.”

“நீங்கதான மேடம் பதினஞ்சுன்னு போட்டீங்க?”

“மெமோ போடுதவிய பதினஞ்சுதான் போடணும், அது முறை. வாங்குனவ கூடுதலாக் கேக்கணும், அதுவும் முறை. நாப்பத்து மூணுல இன்னும் பதினேழு பேர் பாக்கி. அதுல ரெண்டு பேர் துபாய்ல இருக்காவ, பொங்கலுக்குத்தான் வருவாவ. அவியளையும் பாத்து எழுதாம என்ன விளக்கம் குடுக்க?”

“சரி, கால அவகாசம் கேட்டு மனுக் குடுங்க. யோசிச்சுச் சொல்லுதேன்.”

வெயிலுகந்தம்மாள் இழுப்பறையைத் திறந்து இரண்டு தாள்களை எடுத்து வைத்தார்.

“மனு இது. நீங்க யோசிச்சு அனுமதி குடுத்த உத்தரவு இது. அடியில ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க சார்.”